பொங்கல் வார விடுப்பை எல்லாரும் கேட்டால் யாருக்குக் கொடுப்பது?

கேட்டவர்: முகப்பு_காரைக்குடி

வணக்கம். காரைக்குடிக்கு அருகே, பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றி நடத்தும் நிறுவனத்தில் வரவேற்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரவேற்பு, சமையற்கட்டு, அறைப் பராமரிப்பு, தோட்டம், காவல் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இருபது பேரை எட்டாத சிறிய இடம். விடுப்புப் பட்டியல் தயாரிக்கும் வேலையை மேலாளர் இந்த ஆண்டு என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். விடுப்பை அனுமதிக்கவோ மறுக்கவோ எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் யாருக்காவது கிடைக்காமல் போனால் முகம் சுளிப்பது என்னைப் பார்த்துத்தான்.

எங்கள் பக்கம் தை மாதம் எப்படியிருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். விருந்தினர் கூட்டம் மார்கழி நடுவில் தொடங்கித் தை முடியும்வரை குறைவதில்லை. எங்களுக்கு ஆள் மிகவும் தேவைப்படும் அதே நாட்களில்தான் எல்லாருக்கும் வீட்டிலும் வேலை இருக்கிறது. வரும் 2027-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால், ஜனவரி 15 வெள்ளிக்கிழமை பொங்கல், மறுநாள் மாட்டுப் பொங்கல், தை 3-ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு, அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல், 22-ஆம் தேதி தைப்பூசம். பழனிக்கு நடந்து போகிறவர்கள் பூசத்துக்கு ஒரு வாரம் முன்பே கிளம்பிவிடுவார்கள் என்பதால், பொங்கலுக்கு விடுப்புக் கேட்பவரும் பாத யாத்திரைக்குக் கேட்பவரும் இம்முறை ஒரே தேதிகளில் வந்து மோதுகிறார்கள்.

இதுவரை எங்களிடம் இருந்த வழக்கம், வாட்ஸ்அப் குழுவில் யார் முதலில் தேதியைப் பதிகிறாரோ அவருக்கே விடுப்பு என்பதுதான். சென்ற புத்தாண்டு பிறந்த நள்ளிரவிலேயே ஒருவர் தீபாவளி, அடுத்த பொங்கல் இரண்டையும் பதிந்துவிட்டார். இரவுப் பணியில் கதவைத் திறந்து விருந்தினரை அனுப்பிக்கொண்டிருந்தவர் காலையில் கைப்பேசியைப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்னொருவர் எப்போதும் முதலில் ரயில் டிக்கெட்டை எடுத்துவிட்டுப் பிறகுதான் விடுப்புக் கேட்பார். இந்தச் சண்டையில் சமையற்கட்டில் ஒருவரும் வரவேற்பில் ஒருவரும் இன்றுவரை நேராகப் பேசிக்கொள்வதில்லை. விருந்தினரின் சாப்பாட்டு ஆர்டரைக்கூட மூன்றாவது ஆள் வழியாகவே சொல்லி அனுப்புகிறார்கள்.

முதலில் கேட்டவருக்குக் கொடுப்பதா, பணிமூப்பைப் பார்ப்பதா, காரணத்தை எடைபோடுவதா, சீட்டுக் குலுக்குவதா? எந்த முறையானாலும் சிலருக்கு வருத்தம் இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த வருத்தம் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் மீது திரும்பாமல் இருக்க, உங்கள் இடங்களில் என்ன செய்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில்: தேவகோட்டை_ஓய்வூதியர்

வங்கிக் கிளைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கிளையில் நான்கைந்து பேரே இருக்கும்போது இந்தச் சிக்கல் உங்கள் விடுதியைவிடக் கடுமையாக இருக்கும் என்பதால், பார்த்ததைச் சொல்கிறேன்.

யாருக்கு அதிகத் தேவை என்ற கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். அன்றைக்கு எத்தனை பேர் இல்லாமல் வேலை நடக்கும் என்பதே முதலில் முடிவாக வேண்டியது. அதுவும் மொத்தக் கணக்காக அல்ல, பிரிவு வாரியாக. தோட்டத்தில் இருவர் இருப்பதால் சமையற்கட்டில் ஒருவர் கூடுதலாகப் போகலாம் என்று கணக்குப் போட முடியாது. இந்த எண்ணிக்கையைச் சொல்ல வேண்டியவர் உரிமையாளரோ மேலாளரோதான். அதை எழுதிக் கையெழுத்திட்டு அவர் ஒட்டிவிட்டால், இடம் இல்லை என்று சொல்லும் பொறுப்பு உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடும். அதிகாரம் இல்லாத ஒருவரிடம் பட்டியலை மட்டும் கொடுத்து வைப்பது, வெளிப்படையாகச் சொன்னால், மேலாளர் தனக்கு வரவேண்டிய திட்டை உங்களிடம் தள்ளிவிடும் ஏற்பாடு.

அடுத்து, பொங்கலை மட்டும் தனியாக எடுத்துப் பங்கிடாதீர்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, பொங்கல், பூச நடைப்பயணம், மாசிச் சிவராத்திரி, ரம்ஜான் என்று எல்லாரும் விரும்பும் நாட்களை ஆண்டு முழுவதற்கும் ஒரே தாளில் வரிசைப்படுத்துங்கள். சீட்டு எடுத்து ஆட்களின் வரிசையை முடிவு செய்யுங்கள். முதல் பெயர் வந்தவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், அடுத்தவர் அடுத்ததை, இப்படிக் கடைசி ஆள்வரை போகும். இரண்டாம் சுற்று கடைசி ஆளிடமிருந்து தொடங்கி மேலே வரட்டும். பொங்கலை எடுத்தவருக்குத் தீபாவளி கிடைப்பது அரிதாகிவிடும். ஆனால் அவரே பொங்கலைத் தேர்ந்தெடுத்ததால் யாரையும் குறை சொல்ல மாட்டார். குலதெய்வப் படைப்புக்காகச் சிவராத்திரியையே பெரிதாக நினைப்பவர் பொங்கலை விட்டுவிட்டு அதைக் கேட்பார் என்பதையும் நீங்கள் பார்ப்பீர்கள்; எல்லாருக்கும் ஒரே நாள்தான் வேண்டும் என்று நாம் நினைப்பது பாதி கற்பனை.

சீட்டுக்கு நம் பக்கத்தில் பழைய மதிப்பு உண்டு. நீங்கள் குறிப்பிட்ட நாட்டரசன்கோட்டை கண்ணுடையநாயகி அம்மன் கோயில் செவ்வாய்ப் பொங்கலில், நகரத்தார் குடும்பங்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் இட்டு எடுத்துத்தான் முதல் பானை வைப்பவரை முடிவு செய்கிறார்கள். பெயர் வராதவர் யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை. ஆனால் அங்கே முதல் பானை கிடைக்காதவரும் அதே வரிசையில் தன் பானையை வைத்துவிடுகிறார். இங்கே சீட்டு வராதவருக்குப் பொங்கலே இல்லை. எனவே வெறும் சீட்டு போதாது. இந்த ஆண்டு கடைசியில் நின்றவர்கள் அடுத்த ஆண்டு சீட்டின்றியே முன்வரிசைக்கு வர வேண்டும். அந்தக் குறிப்பு ஒரு நோட்டில் ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

காலக்கெடுவையும் கவனியுங்கள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கலுக்கு ஊர் போகிறவரின் டிக்கெட் நவம்பர் நடுவில் திறக்கும். அதற்குச் சற்று முன், நவம்பர் 8-இல் இவ்வாண்டின் தீபாவளி வேறு வருகிறது. ஆகவே பொங்கல் பட்டியல் அக்டோபர் முடிவதற்குள் சுவரில் இருக்க வேண்டும். அது இருந்துவிட்டால், டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று ஒருவர் வந்து நிற்பதற்கு இடமே இல்லை.

பதில்: கீழச்சீவல்பட்டி_சமையல்

ஓய்வூதியர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் பதினைந்து ஆண்டுகளாக அடுப்பு முன்னால் நிற்பவனும் சென்ற மாதம் சேர்ந்தவனும் ஒரே குடத்தில் சீட்டுப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு, மூத்தவர் என்பதற்குக் கிடைக்கும் ஒரே மரியாதை பண்டிகை விடுப்புத்தான். அதையும் பறித்துவிட்டால் அனுபவமுள்ள ஆள் அடுத்த விடுதிக்குப் போய்விடுவார். கறி மசாலை அரைக்கும் பக்குவமும் அவரோடு போய்விடும். ஆண்டுதோறும் மூத்தவருக்கே பொங்கல் என்று நான் கேட்கவில்லை. குறிப்பிட்ட ஆண்டுகள் பணி முடித்தவருக்கு மூன்று ஆண்டுகளில் ஒரு முறையாவது சீட்டில்லாமல் உறுதியாகக் கிடைக்கும்படி எழுதி வையுங்கள். மற்ற ஆண்டுகளில் அவரும் சீட்டில் கலந்துகொள்ளட்டும்.

பதில்: வெண்புறா_செவிலி

நான் தனியார் மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். எங்களுக்கு விடுமுறை நாள் என்ற ஒன்றே இல்லை என்பதால், பட்டியல் போடும் நாள் எங்கள் வார்டில் ஒரு சிறு தேர்தல் போலத்தான் நடக்கும்.

சமையல் அண்ணன் கேட்பதைப் புரிந்துகொள்கிறேன். மூன்றாண்டுக்கு ஒரு முறை என்ற வரம்போடு அது இருந்தால் எதிர்ப்பு இல்லை. வரம்பில்லாத பணிமூப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கீழே இருப்பவர் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் மேலே இருப்பவர் ஓய்வு பெறும்வரை அவருக்குப் பொங்கல் கிடைக்காது. அதனால்தான் எங்கள் இடத்தில் புதிய பிள்ளைகள் தை பிறப்பதற்குள் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

என் முக்கியமான கருத்து காரணங்களைப் பற்றியது. தயவுசெய்து காரணத்தை எடைபோடும் வேலையை நீங்கள் ஏற்காதீர்கள். காரணத்தைக் கேட்கத் தொடங்கினால், குடும்பம் உள்ளவருக்கு முதலிடம் என்ற எழுதாத விதி தானாக வந்துவிடும். திருமணமாகாத எங்களிடம், உனக்கென்ன, பிள்ளையா குட்டியா, நீ இருந்து பார்த்துக்கொள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! திருமணமாகாதவளுக்கும் ஊரில் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிறது. மேலும், சொல்ல விரும்பாத காரணங்களும் மனிதர்களுக்கு உண்டு. வீட்டுப் பிரச்சினையையோ சிகிச்சையையோ குழுவில் எல்லார் முன்னாலும் சொல்லி விடுப்பு வாங்க வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது.

வாழ்வில் ஒரே ஒரு முறை வருவதை மட்டும் விதிவிலக்காக முன்கூட்டியே எழுதிவிடுங்கள். தலை தீபாவளி, தலைப் பொங்கல், உடன்பிறந்தவர் திருமணம் ஆகியவற்றை யாரும் எதிர்க்க மாட்டார்கள், ஏனென்றால் அவரவர் முறை வரும்போது அவரவருக்கும் அது உதவும். அந்தப் பட்டியல் சிறியதாகவே இருக்கட்டும். அத்தை மகன் திருமணம்வரை அதை நீட்டினால், வைகாசி முகூர்த்த நாட்களில் உங்கள் விடுதியில் விருந்தினர் மட்டும்தான் இருப்பார்கள்.

இன்னொன்று. உங்கள் விடுதியில் அஸ்ஸாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்களா? அவர்களுக்குப் பொங்கல் இல்லை, ஆகவே அவர்கள் இருக்கட்டும் என்று எல்லாரும் எளிதாக முடிவு செய்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அஸ்ஸாமியருக்கு மாக பிஹு அதே ஜனவரி நடுவில்தான் வருகிறது. ஊர் போய்ச் சேரவே நாட்கள் ஆகும் என்பதால் அவர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கேட்காததை விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பண்டிகைக்கு இரண்டு நாள் எடுப்பதற்குப் பதிலாக, ஆண்டுக்கு ஒரு முறை நீண்ட விடுப்பாகச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் வழியை அவர்களுக்குத் திறந்து வையுங்கள். ரம்ஜானுக்குப் பிறை பார்த்த பிறகே நாள் உறுதியாகும் என்பதால், அதைக் கேட்பவருக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்களை ஒதுக்கி வைத்து, முதல் நாள் இரவு ஒன்றை விடுவிக்கச் சொல்லலாம். எங்கள் வார்டில் அது சிரமமின்றி நடக்கிறது.

பதில்: கணக்கர்_திருப்பத்தூர்

எல்லாரும் விடுப்பை எப்படிப் பிரிப்பது என்று பேசுகிறீர்கள். வேலைக்கு வந்து நிற்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதை யாரும் கேட்கவில்லை. பாதிச் சண்டை அங்கேயிருந்துதான் வருகிறது.

தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம், 1958 தங்கும் விடுதிகளுக்கும் பொருந்தும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, பண்டிகைக்காக இன்னும் ஐந்து நாட்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறைகள். அந்த ஐந்தும் எவை என்பது நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்தே முடிவாக வேண்டும். அந்த நாளில் ஒருவரை வேலைக்கு அழைத்தால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவருக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாளைச் சம்பளத்துடன் கூடிய மாற்று விடுமுறையாகத் தர வேண்டும். உங்கள் விடுதியின் ஐந்தில் பொங்கல் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், ஆனால் பொங்கலன்று வந்தவர்களுக்கு அது கொடுக்கப்பட்டதா என்பதையும் சம்பளப் பட்டியலில் பாருங்கள். தேசிய விடுமுறை நாட்களில் தொழிலாளர் துறையினர் கடைகளிலும் உணவகங்களிலும் ஆய்வுக்கு வருவதும், விதியை மீறியவர்கள் மீது நடவடிக்கை எடுப்பதும் செய்தித்தாளில் வருகிறதே, அது இந்தச் சட்டத்தின்படிதான்.

இதைச் சொல்வது நிர்வாகத்தோடு சண்டையிடுவதற்காக அல்ல. பொங்கலன்று நின்றால் இரட்டைச் சம்பளம் உறுதி என்று தெரிந்துவிட்டால், தாமாகவே நிற்கிறேன் என்று சொல்லும் ஓரிருவர் எந்த இடத்திலும் இருப்பார்கள்; பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவர், கடனை அடைத்துக்கொண்டிருப்பவர், கூட்டத்தில் ஊர் போக விரும்பாதவர். முதலில் அவர்களின் பெயர்களை வாங்கிக்கொண்டு, மீதியுள்ள இடங்களுக்கு மட்டும் சீட்டுப் போடுங்கள். எத்தனையோ இடங்களில் சீட்டுக்கே வேலை இல்லாமல் போகிறது.

நாளாகப் பிரிக்காமல் மணிக்கணக்காகப் பிரித்துப் பாருங்கள் என்பது என் இன்னொரு யோசனை. உள்ளூர்க்காரர் பலருக்குப் பொங்கலன்று தேவைப்படுவது காலையில் பானை வைத்துப் பொங்கும் நேரம்தான். நண்பகலுக்கு மேல் வந்துவிடுவார்கள். மஞ்சுவிரட்டுக்குப் போகும் இளைஞர்களுக்கோ தை 3 பகல் மட்டும் போதும். வெளியூர்க்காரருக்குத்தான் முழு நாட்கள் வேண்டும். ஆகவே விண்ணப்பத்தில் தேதிக்கு எதிரே முழு நாள், காலை, மாலை என்று மூன்று கட்டங்கள் வையுங்கள். எட்டுப் பேர் கேட்டதாகத் தோன்றும் நாளில் உண்மையில் முழு நாள் கேட்டவர்கள் மூவராக இருக்கலாம். விடுதியிலேயே விருந்தினருக்காக வாசலில் பொங்கல் வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். அன்று பணியில் இருப்பவர்களின் குடும்பத்தையும் அதற்கு அழைக்கும்படி உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் அவருக்கு ஆகாது.

பட்டியல் வெளியான பிறகு இருவர் தங்களுக்குள் நாளை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரே பிரிவுக்குள்ளாக, இருவரும் நோட்டில் கையெழுத்திட்டு, குறைந்தது ஒரு வாரம் முன்னதாக. வாய்மொழி மாற்றத்தை ஏற்காதீர்கள். நான் சொல்லவே இல்லை என்று பிறகு ஒருவர் நிற்பார்.

பேசிக்கொள்ளாத இருவரைப் பற்றி: அவர்களைச் சமாதானப்படுத்தும் வேலை உங்களுடையது அல்ல, அதைக் குழுவில் செய்யவே செய்யாதீர்கள். மேலாளர் இருவரையும் தனித்தனியே அழைத்து, இனி முதலில் பதிந்தவருக்கு என்ற வழக்கம் இல்லை என்பதைச் சொன்னால் போதும். அவர்கள் சண்டையிட்டது ஒருவருக்கொருவர் உள்ள பகையால் என்று எனக்குத் தோன்றவில்லை. நள்ளிரவில் பதிந்தவர் இருந்த விதிப்படிதான் நடந்தார், இரவுப் பணியில் இருந்தவருக்கு அந்த விதியில் இடமே இல்லை.

கேட்டவர்: முகப்பு_காரைக்குடி

எல்லாருக்கும் நன்றி. மேலாளரிடம் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். பிரிவு வாரியான எண்ணிக்கையை அவரே எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார். மணிக்கணக்கு யோசனை அவருக்கு உடனே பிடித்துவிட்டது. இரட்டைச் சம்பளத்தைப் பற்றி நம் விடுதியின் கணக்கரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நிறுத்திக்கொண்டார், அதை மறுபடியும் நினைவூட்டுவேன். மூத்தவர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை என்பதைச் சேர்க்கிறோம். சீட்டை மாலைத் தேநீர் நேரத்தில் எல்லார் முன்னிலையிலும் எடுப்போம். இரவுப் பணியாளர்களும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார்கள். அஸ்ஸாமிலிருந்து வந்த தம்பி ஒருவர் எங்கள் சமையற்கட்டில் இருக்கிறார். பிஹு எப்போது என்று கேட்டேன். செவிலி அம்மா சொன்னது சரிதான். இதுவரை யாரும் அவரைக் கேட்டதே இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. பழனி நடைப்பயணம் போகிறவர் பொங்கல் நாளில் தொடங்கிப் பூசம்வரை இருக்க மாட்டார். தேர்வுச் சுற்றில் அதை ஒன்றாகக் கணக்கிடுவதா, இரண்டாகவா?

பதில்: தேவகோட்டை_ஓய்வூதியர்

இரண்டாக. பொங்கலையும் பூச வாரத்தையும் ஒருவரே எடுத்துக்கொள்வதால், அவர் இரண்டாம் சுற்றின் தேர்வையும் அதிலேயே செலவழித்துவிட்டதாக வையுங்கள். நேர்த்திக்கடனுக்காக நடப்பவர் அதற்குத் தயங்க மாட்டார். எல்லாரும் குன்றக்குடியிலிருந்தே நடக்க வேண்டும் என்பதும் இல்லை. நத்தத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டு அங்கிருந்து நடப்பவர்களும் உண்டு. அப்படியானால் பொங்கலன்று காலைப் பணிக்கு அவர் வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், ஒரே தேர்வாகவும் அது முடிந்துவிடலாம். ஆனால் அவர் நகரத்தார் காவடிகளோடு போகிறவரா என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். காவடிகள் பழனியிலிருந்து பேருந்தில் திரும்புவதில்லை, நடந்தேதான் திரும்பும். அவரும் கூடவே நடந்து வருவதானால் பூசத்துக்குப் பிறகும் பல நாட்களுக்கு மாற்று ஆள் தேவைப்படும்.